கலத்துக்குள் ஓர் ஓடாவி

கடந்த ஆனி மாதம், நயினாதீவு நாகபூசணி அம்மனின் திருவிழாக் காலம். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நின்ற வரிசை துறையைத் தாண்டி வீதிக்கு வந்துவிட்டது. பத்தரை மணி வெயில். எனக்கு நான்கு பேர் முன்னால் நின்ற அம்மா ஒருவரின் கையிலிருந்து பூப்பை நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. குந்தினார், சரிந்தார். ஓடிப்போய்ப் பிடித்தேன். உடம்பு வியர்த்துத் தெப்பமாகி, குளிர்ந்து கிடந்தது. கை நடுங்கியது. பெயரைக் கேட்டால் வேறேதோ சொன்னார். கூட வந்த பேத்தி என்னிடம் படித்த பிள்ளை. "அம்மம்மாக்குச் சீனி வருத்தம் ரீச்சர். விடிய வெறும் வயித்தில குளிசை போட்டவ. நேற்று ராவும் சாப்பிடேல்லை" என்று அழுதாள்.

விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. பக்கத்துக் கடையில் இனிப்புச் சோடா வாங்கி மிடறு மிடறாகக் குடிக்க வைத்தோம். கால் மணித்தியாலத்தில் கண் தெளிந்தது. தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை என்னை உலுக்கிவிட்டது.

"விரதத்தோட விரதமாப் பாத்தன் பிள்ளை. வட்ஸ்அப்பில ஒரு குரல்பதிவு வந்தது. பதினாறு மணித்தியாலம் வயிறு காய்ஞ்சால் உடம்பு தன்ர கழிவைத் தானே தின்னுமாம். சீனி வருத்தமும் போமாம், புற்றுநோயும் வராதாம். ஒரு ஜப்பான்காரருக்கு இதுக்கு நோபல் பரிசே குடுத்தவையாம்."

ஜப்பான்காரர் உண்மை. பரிசும் உண்மை. உடம்பு தன்னைத் தானே தின்னும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பரிசு எதற்குக் கிடைத்தது என்பதை அந்தக் குரல்பதிவில் பேசியவர் அவருக்குச் சொல்லவில்லை. அந்த அம்மாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் தீவுப்பகுதிப் பாடசாலைகளில் உயிரியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். அதற்கு முன்பே ஓர் ஓடாவியின் மகள். குறிகட்டுவானுக்குப் போகும் வழியில், கடலோரப் பூவரச நிழலில்தான் ஐயா வள்ளம் கட்டுவார். பழைய வள்ளம் ஒன்று கரையேறினால் முதல் இரண்டு நாளும் புதுப் பலகையைத் தொடவே மாட்டார். உளியின் பிடியால் தட்டித் தட்டிச் சுற்றி வருவார். சத்தத்தில் உளுத்த இடம் தெரியும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. பிறகு அந்தப் பலகையை மட்டும் கழற்றுவார். ஆணிகளைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நிமிர்த்தித் தகரப்பேணிக்குள் போடுவது எங்கள் வேலை. பலகையில் நல்ல பாதி இருந்தால் அது இன்னொரு வள்ளத்தின் இருக்கைப் பலகையாகும். உளுத்த பாதி நெருப்புக்கு. அந்த நெருப்பில் காட்டித்தான் புதுப் பலகையை வளைப்பார். கரைக்கு வந்த மரத்தில் வீண் என்று ஒன்று இருந்ததை நான் பார்த்ததில்லை.

தமிழகத்தில் 'செல்' என்பதை எங்கள் பாடப்புத்தகம் 'கலம்' என்று சொல்லும். சோறு போட்டு உண்பதும் கலம், கடலில் ஓடுவதும் கலம், உடம்பைக் கட்டியிருப்பதும் கலம். இந்த ஒரு சொல்லுக்காக எங்கள் கலைச்சொல் ஆக்கியவர்களை நான் பல தடவை மனதுக்குள் வணங்கியிருக்கிறேன். கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிய ஓட்டோபேஜி என்ற சொல்லை, தன்னுண்ணல் என்று தமிழாக்கி வகுப்பில் எழுதியபோது பிள்ளைகள் முகம் சுளித்தார்கள். ஐயாவின் பட்டறையைச் சொன்னேன். விளங்கிவிட்டது.

கலத்துக்குள் நடப்பதும் அதுதான். கலத்துக்குச் சக்தி எடுத்துக் கொடுத்து ஓடி ஓடித் தேய்ந்த ஓர் இழைமணி, மடிப்புக் குலைந்து கட்டிபட்ட புரதம், சில வேளை வெளியிலிருந்து நுழைந்த கிருமி, இவற்றின் பக்கத்தில் மெல்லிய மென்சவ்வு ஒன்று பிறைபோல முளைக்கிறது. பறி பின்னும்போது ஓலை வளைந்து வளைந்து வாய் குறுகுமே, அப்படி இரண்டு பக்கமும் வளர்ந்து பழுதானதைச் சுற்றி மூடிக்கொள்கிறது. மூடியதும் அது இரட்டைச் சுவருள்ள ஒரு பை. இந்தப் பை நகர்ந்து இலைசோசோம் என்ற இன்னொரு பையோடு சேர்கிறது. இலைசோசோமுக்குள் அமிலமும் நொதியங்களும் நிறைந்திருக்கின்றன. உள்ளே போன புரதம் அமினோ அமிலங்களாக உடைந்து வெளியே வருகிறது. அவை புதுப் புரதம் கட்டவும் உதவும், எரித்துச் சக்தி எடுக்கவும் உதவும். இருக்கைப் பலகையும் நெருப்பும்.

நாம் உணவில் எடுக்கும் புரதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த உடம்பு ஓடுவதில்லை. வளர்ந்த ஒருவரின் உடல் ஒரு நாளில் உடைத்துத் திரும்பக் கட்டும் புரதம் ஏறத்தாழ 200 முதல் 300 கிராம். நாம் சாப்பிடுவது அதில் ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் பழசைப் பிரித்து எடுத்தது. எல்லாமே தன்னுண்ணலால் நடப்பதல்ல. புரதங்களை ஒவ்வொன்றாக அடையாளமிட்டு உடைக்க வேறொரு பொறிமுறையும் உண்டு, அதற்கு 2004இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் முழு இழைமணி ஒன்றை, பெரிய கட்டி ஒன்றை அப்படியே விழுங்க இந்தப் பையால்தான் முடியும்.

இலைசோசோமை 1955இல் கண்டவர் பெல்ஜியத்தின் கிறிஸ்ரியன் டி டூவ். தன்னுண்ணலுக்கு 1963இல் அந்தப் பெயரை வைத்தவரும் அவரே. அவருக்கு 1974இல் நோபல் கிடைத்தது. அதன் பின்னும் நெடுங்காலம் இது நுணுக்குக்காட்டிப் படங்களில் வரும் ஒரு காட்சியாகத்தான் கிடந்தது. எந்தப் பரம்பரையலகு இதை நடத்துகிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் போனவர்தான் அந்த ஜப்பான்காரர், யொஷினோரி ஓசுமி.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் 1988இல் அவருக்கென்று ஒரு சின்ன ஆய்வுகூடம் கிடைத்தபோது வயது 43. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மதுவம். பாண் பொங்கவைக்கும் அதே மதுவம்தான். நம் பனங்கள்ளில் நுரை எழுப்புவதிலும் அதற்குப் பங்குண்டு. மதுவக் கலத்தில் இலைசோசோமின் வேலையைச் செய்வது ஒரு பெரிய புன்வெற்றிடம். அங்கே எல்லாம் உடனுக்குடன் கரைந்துவிடுவதால் என்ன உள்ளே போகிறது என்று பார்க்க முடியாது. ஓசுமி யோசித்த வழி எளிமையானது. அடுப்பை அணைத்துவிட்டால் விறகு குவியும், குவிந்தால் கண்ணில் படும். சிதைக்கும் நொதியங்கள் இல்லாத விகாரி மதுவத்தை எடுத்தார், உணவில்லாத கரைசலில் போட்டார். சில மணித்தியாலங்களில் புன்வெற்றிடம் நிறையச் சின்னச் சின்ன உருண்டைகள், சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியிலேயே தெரியத் துள்ளிக்கொண்டு நின்றன. ஆயிரக்கணக்கான விகாரிகளைச் சோதித்து, 1993இல் இந்த வேலைக்குத் தேவையான 15 பரம்பரையலகுகளை அவரும் மாணவியும் அடையாளம் காட்டினார்கள். அவற்றில் பலவற்றின் உறவுக்காரர் மனிதக் கலத்திலும் இருக்கிறார்கள். 2016இல் மருத்துவ நோபல் அவர் ஒருவருக்கே போனது இதற்காக. விரதத்துக்கு அல்ல, மதுவத்தில் கண்ட பொறிமுறைக்கு.

அந்த 2016 எனக்கு வேறு விதத்திலும் மறக்க முடியாத ஆண்டு. ஐயாவின் வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுவதுபோல் அசையத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. உளியைப் பிடித்தால் நிற்கும், மடியில் வைத்தால் நடுங்கும். அதற்கும் சில வருடம் முன்பு, வள்ளத்தின் பொருத்துகளை அடைக்கும் கலப்பற்றுக்குக் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சும்போது சட்டி கருகிப் புகைந்தும் அவருக்கு மணம் தெரியவில்லை. வயது என்று விட்டுவிட்டோம். மணம் போவது இந்த நோயின் முன்னறிகுறிகளில் ஒன்று என்று நான் படித்தது பிறகுதான். யாழ்ப்பாணத்துக் கிளினிக்கில் நோயின் பெயர் சொன்னார்கள்: பாக்கின்சன்.

ஒருநாள் பின்னேரம் கேட்டார்: "பிள்ளை, என்ர தலைக்குள்ள என்ன பிழை?"

நடு மூளையில் ஒரு சின்னப் பகுதியில் டோபமின் சுரக்கும் நரம்புக் கலங்கள் சாகின்றன, சாகும் கலங்களுக்குள் ஒரு புரதம் கட்டிகட்டியாகச் சேர்ந்து கிடக்கிறது என்று அவருடைய பாஷையில் சொன்னேன். உளுத்த பலகை கழற்றாமல் அப்படியே குவிந்து கிடக்கு ஐயா என்றேன்.

கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "ஏன், ஓடாவி வரேல்லையோ?" என்றார்.

பாடப்புத்தகம் தொடாத எழுபத்தெட்டு வயது மனிதர், உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியையே கேட்டுவிட்டார். தோல் கலம் பிரிந்து பெருகும்போது தன் கழிவும் இரண்டாகப் பங்கிடப்பட்டுக் குறையும். நரம்புக் கலம் பிரிவதில்லை. எழுபது எண்பது வருடம் ஒரே கலம் ஓட வேண்டும், உள்ளே ஓடாவி தினமும் வந்தே ஆக வேண்டும். 2006இல் ஜப்பானில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் நரம்புக் கலங்களில் மட்டும் தன்னுண்ணல் நடக்காத எலிகளை உருவாக்கின. அந்த எலிகளுக்கு வேறு நோயில்லை, உணவும் குறைவில்லை. ஆனாலும் வளர வளர நடை தளர்ந்தது, மூளைக் கலங்களில் புரதக் கட்டிகள் சேர்ந்தன, கலங்கள் இறந்தன. இளவயதில் வரும் பாக்கின்சன் நோயாளர்களிடம் பழுதாகி இருப்பதாக 1998இல் கண்ட பார்க்கின் என்ற பரம்பரையலகும் இதே பாதைக்குத்தான் கொண்டுவந்தது. அமெரிக்காவில் றிச்சார்ட் யூலின் குழு 2008இல் காட்டியது இதுதான்: பார்க்கின் புரதம் பழுதான இழைமணியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது, அதைப் பிரிப்புக்கு அனுப்புகிறது. ஐயா சுண்ணக்கட்டியால் இட்ட கோடுதான் அது. கோடு விழாவிட்டால் உளுத்த இழைமணி உள்ளேயே கிடந்து நஞ்சைக் கசியவிடும். பெரும்பாலான நோயாளர்களுக்கு, ஐயாவைப் போன்றவர்களுக்கு, இந்தப் பரம்பரையலகில் பிழை இருப்பதில்லை. வயதோடு தன்னுண்ணல் மெதுவாவதும் சேர்ந்துதான் இது வருகிறதா என்பதைத்தான் இன்னும் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.

பெங்களூருவில் ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ரவி மஞ்சிதாயா என்பவரின் குழு, மதுவத்தையே வைத்து, தன்னுண்ணலைக் கூட்டும் சின்ன மூலக்கூறுகளைத் தேடி வருகிறது. அப்படிக் கிடைத்த ஒன்றைப் பாக்கின்சன் போன்ற நிலை உண்டாக்கிய எலிகளுக்குக் கொடுத்து, பலன் கண்டதாக 2017இல் எழுதினார்கள். எலிக்கும் மனிதருக்கும் இடையில் நீண்ட கடல் இருக்கிறது என்று தெரியும். ஆனாலும் அந்தச் செய்தியை ஐயாவுக்கு இரண்டு தடவை சொன்னேன். 2022இல் அவர் காலமாகும்வரை எடுத்தது லெவோடோபாக் குளிசைதான். அது குறைந்த டோபமினை நிரப்பும், குவிந்ததை அகற்றாது.

இவ்வளவு நல்லது என்றால் பட்டினி கிடந்து தன்னுண்ணலைப் பெருக்கினால் என்ன என்று யாரும் கேட்கலாம். இங்கேதான் அந்த அம்மாவோடு நான் பொறுமையாகப் பேச வேண்டியிருந்தது.

பட்டினியில் தன்னுண்ணல் கூடும் என்பதில் சந்தேகமில்லை. அதற்கு மிக அழகான சாட்சி பிறந்த குட்டிதான். தொப்புள்கொடி அறுந்த கணத்தில் தாயிடமிருந்து வந்த ஊட்டம் நிற்கிறது, பால் இன்னும் வரவில்லை. ஆய்வாளர் நொபொரு மிசுஷிமாவின் குழு 2004இல் கண்டது, எலிக்குட்டிகளில் பிறந்து சில மணித்தியாலங்களுக்குள் தன்னுண்ணல் பாய்ந்து உயர்ந்து, ஓரிரு நாளில் தணிகிறது. அந்தத் திறன் இல்லாத குட்டிகள் ஒரு நாளுக்குள் செத்துப்போகின்றன. உணவு வரும்வரை தன் பலகையைத் தானே பிரித்து எரித்து மிதக்கும் வழி அது. அதே ஆண்டு அதே குழு பட்டினி போட்ட வளர்ந்த எலிகளின் உறுப்புகளையும் பார்த்தது. தசையில் கூடியது, ஈரலில் கூடியது. மூளையில் அப்படிக் கூடியதாகக் காணவில்லை.

எலி சின்ன உயிர். ஒரு நாள் உணவில்லை என்றால் உடல் நிறையில் ஏறத்தாழ பத்திலொரு பங்கை இழந்துவிடும். அதன் ஒரு நாளை நம் ஒரு நாளாக எண்ணக் கூடாது. தன்னுண்ணல் பதினாறாம் மணியில் போடப்படும் ஆளியும் அல்ல. நீங்கள் சோறு உண்ணும்போதும் அது மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கிறது. கூடுகிறது, குறைகிறது, உறுப்புக்கு உறுப்பு வேறுபடுகிறது. மனிதருக்குள் இன்று எவ்வளவு நடந்தது என்று சொல்ல ஆய்வுகூடத்தில் கொடுக்கும் சாதாரண இரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. பதினாறு என்று அடித்துச் சொல்கிறவர் எதை வைத்து அளந்தார் என்று கேட்க வேண்டும்.

எனக்கும் பட்டினி தெரியும். 1995 கடைசியில் போரால் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டு வன்னிக்குப் போனபோது விரதத்துக்காக யாரும் சாப்பிடாமல் இருக்கவில்லை. அடுத்த ஆண்டு எனக்கு மலேரியாக் காய்ச்சல். குளோரோகுயின் குளிசையின் கசப்பு இன்றும் அடிநாக்கில் இருக்கிறது. அந்தக் குளிசை இந்தக் கதைக்குள்ளும் வருகிறது, அதனால்தான் சொல்கிறேன். குளோரோகுயின் இலைசோசோமுக்குள் போய் அதன் அமிலத்தைக் குறைத்துவிடும். நொதியங்கள் ஓய்ந்துவிடும், தன்னுண்ணல் கடைசிப் படியில் நின்றுவிடும். இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. ஓசுமியின் பரிசுச் செய்தி அடுத்த மாதமே வந்தது. நம் நாட்டுக்கு அந்த மருந்தின் தேவை முடிந்த நேரத்தில், புற்றுநோய் ஆய்வாளர்கள் அதன் நெருங்கிய உறவான ஐதரொட்சிகுளோரோகுயினைக் கையில் எடுத்திருந்தார்கள்.

தன்னுண்ணல் நல்லதென்றால், அதை நிறுத்தும் மருந்தைப் புற்றுநோய்க்கு ஏன் சோதிக்க வேண்டும்? இதை அந்தக் குரல்பதிவு சொல்லவே சொல்லாது. 1999இல் பெத் லெவின் என்ற அமெரிக்க மருத்துவர் பெக்லின் என்ற தன்னுண்ணல் பரம்பரையலகு மார்பகப் புற்றுக் கலங்களின் பெருக்கத்தை அடக்குவதைக் காட்டினார். நலமான கலத்தில் தன்னுண்ணல் காவல்காரன். பழுதை அகற்றிப் புற்று தொடங்குவதைத் தடுக்கப் பார்க்கும். ஆனால் கட்டி ஒன்று வளர்ந்துவிட்டால் கதை மாறுகிறது. கட்டியின் நடுவில் இரத்த ஓட்டம் குறைவு, ஒட்சிசன் குறைவு, ஊட்டம் குறைவு. அந்தப் பட்டினியில் புற்றுக் கலம் தப்பிப் பிழைப்பதே தன்னுண்ணலால்தான். சதையத்தில் வரும் புற்று இதை மிகவும் நம்பி வாழ்கிறது. அங்கே ஓடாவி கள்ளனின் வள்ளத்தைத் திருத்திக் கொடுக்கிறான். அதனால்தான் தன்னுண்ணலைத் தடுக்கும் மருந்தோடு சோதனைகள் நடக்கின்றன. வழமையான சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை. புற்றுநோய்க்கு மருந்தெடுக்கும் ஒருவரை உண்ணாமல் கிடக்கச் சொல்லும் எவரும் இதை அறிந்து சொல்லவில்லை. மெலிந்து வரும் அந்த உடம்புக்கு ஒவ்வொரு கவளமும் பெறுமதியானது.

தன்னுண்ணலைக் கூட்டும் மருந்தும் உண்டு. அதன் கதையில் எனக்குத் தனிப் பற்று, ஏனென்றால் அதுவும் ஒரு தீவிலிருந்து வந்தது. பசிபிக்கின் நடுவில் ரப்பா நூயி என்ற தீவின் மண்ணை 1964இல் போன கனேடியப் பயணக் குழு ஒன்று அள்ளிவந்தது. மொன்றியலில் சுரேன் சேகல் என்ற, அன்றைய ஒன்றுபட்ட இந்தியப் பஞ்சாபில் பிறந்த ஆய்வாளர், அந்த மண்ணின் பற்றீரியா ஒன்று சுரந்த பொருளைப் பிரித்தெடுத்தார். தீவின் பெயரே மருந்துக்கு: ரப்பாமைசின். கம்பனி அந்த ஆய்வைக் கைவிட்டபோது பற்றீரியாவை வீட்டுக்கு எடுத்துப்போய்க் குளிர்சாதனப் பெட்டியில் உறையவைத்துக் காத்தார். 1999இல் அது சிறுநீரகம் மாற்றியவர்களுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கலத்துக்குள் 'சாப்பாடு தாராளம், கட்டு கட்டு' என்று கட்டளையிடும் ஒரு புரதத்தை இது அடக்குகிறது. கட்டளை அடங்கினால் கட்டுவது குறையும், பிரிப்பது கூடும். ஆனால் அதே மருந்து நோயெதிர்ப்பையும் தாழ்த்தும். கூட்டுவதானாலும் குறைப்பதானாலும் விலை இருக்கிறது.

இதற்கிடையில் லெவினின் குழு 2012இல், ஓடவிட்ட எலிகளின் தசையில் தன்னுண்ணல் கூடுவதையும் காட்டியது. எலி என்றாலும் இது பசியில்லாத வழி. பாக்கின்சனுக்கு நடையும் உடற்பயிற்சியும் நல்லதென்று கிளினிக்கிலும் சொன்னார்கள். கடைசி வருடம்வரை ஐயாவைப் பிடித்துக்கொண்டு பின்னேரங்களில் துறைவரை நடந்தேன். நெடுந்தீவுப் படகு திரும்பும் நேரம் அவருக்கு மனப்பாடம்.

அன்று துறையில் அந்த அம்மாவையும் பேத்தியையும் தனியே அனுப்ப மனம் வரவில்லை. ஒன்றாகவே படகேறினோம். இருபது நிமிடப் பயணத்தில் சொல்லக்கூடியதைச் சொன்னேன். அவர் போட்ட குளிசை, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் வகை. வயிறு வெறுமையாக இருந்தால் இரத்தச் சீனி விழும். வியர்வையும் நடுக்கமும் தடுமாற்றமும் அதன் குரல். நினைவிருந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும், நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். கந்தசட்டிக்கு ஆறு நாள் இருப்பதென்றால் ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் சொல்ல வேண்டும், எந்தக் குளிசையை எப்போது மாற்றுவது என்று அவர்கள் சொல்வார்கள். சிலருக்கு இருக்கவே வேண்டாம் என்பார்கள். அதையும் கேட்க வேண்டும்.

"அப்ப விரதம் பிழையோ ரீச்சர்?"

"அம்மனுக்கு இருக்கிறது உங்கட நேர்த்தி, அம்மா. அதில நான் வாய் வைக்க மாட்டன். சீனி வருத்தத்துக்கு மருந்தெண்டு இருக்கிறதைத்தான் வேண்டாமெண்டுறன்."

மணிமேகலைக்கு அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இந்த நயினாதீவுதான் என்று நம் ஊரார் நம்புகிறார்கள். கோயிலின் அன்னதான மண்டபத்துக்கும் அமுதசுரபி என்றே பெயர். கும்பிட்டு முடித்து அங்கே பந்தியில் உட்கார்ந்தோம். சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் வந்தன. அவர் முதலில் தயங்கினார். பிறகு குழைத்து, ஒரு கவளத்தைக் கண்ணில் ஒற்றிவிட்டு வாயில் வைத்தார். பேத்தி அர்ச்சனைச் சிட்டையின் பின்புறத்தில் அடுத்த கிளினிக் திகதியையும் குளிசையின் பெயரையும் எழுதிக்கொண்டிருந்தாள்.